ஜன்னலோரப் படுக்கை: யீஷூனில் ஆறு நாள்

முதல் நாள்

திருச்சியில் நள்ளிரவுக்கு மேல் கிளம்பிய விமானம் விடிந்தபின் சாங்கியில் இறங்கியது. பெட்டியில் என் துணிமணி கால் பங்கு. மீதி முக்காலும் அம்மா கட்டிக்கொடுத்த மணப்பாறை முறுக்கும் நாரத்தங்காய் ஊறுகாயும். அத்தைக்கு மூட்டு மாற்று ஆப்பரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. அப்பாவால் வர முடியாது, அதனால் என்னை அனுப்பினார். நானும் பல வருஷமாகச் சிங்கப்பூர் ஆஸ்பத்திரிகளைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்.

அத்தைக்குச் சிங்கப்பூரின் வடக்கே யீஷூனில் ஒன்பதாவது மாடி வீவக வீடு (அரசு கட்டித்தரும் அடுக்குமாடி). நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவரே வந்து கதவைத் திறந்தார்.

"வாப்பா மருமகனே. உங்க அப்பன் எப்படி இருக்கான்? இன்னும் ஓட்டை எண்ணிக்கிட்டுத்தான் இருக்கானா?"

இந்தக் கதை கடல் தாண்டி இங்கேயும் வந்துவிட்டது. விளக்கிவிடுகிறேன்.

நான் ஆர்க்கிடெக்ட். பெரிய கோபுரம் எதுவும் கட்டியதில்லை. மாவட்டத் தலைநகரங்களில் டாக்டர்கள் கட்டும் இருபது, முப்பது படுக்கை நர்சிங் ஹோம்கள்தான் என் பிழைப்பு. அதில் ஒன்றில் சில வருஷம் முன்பு அப்பாவுக்குக் குடலிறக்க ஆப்பரேஷன் நடந்தது. நான் வரைந்த கட்டடம், நான் வரைந்த அறை. முதல் வரைபடத்தில் அந்த அறைக்கு நல்ல ஜன்னல் இருந்தது. பிறகு மாடிக்கு இரண்டு அறை கூடுதலாக வேண்டும் என்றார்கள். நடுவில் நடைபாதை, இரு பக்கமும் அறைகள் என்று மாற்றினேன். ஜன்னல் பக்கத்துக் கட்டடச் சுவரைப் பார்த்துத் திரும்பியது. ஏசி போட்டபின் குளிர் வெளியே போகிறது என்று அதையும் பிளைவுட் வைத்து அடைத்துவிட்டார்கள். திருத்திய வரைபடத்தில் இருப்பது என் கையெழுத்துதான்.

அப்பா ஐந்து நாள் அதில் படுத்திருந்தார். மூன்றாம் நாள் நான் போனபோது, "ஒரு சதுரத்தில் முந்நூற்று இருபத்து நாலு ஓட்டை. மொத்தம் முப்பது சதுரம். நீயே பெருக்கிக்கோ" என்றார். ஃபால்ஸ் சீலிங்கைத்தான் சொல்கிறார். ஆள் இன்று நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கணக்கைச் சொல்லாமல் அனுப்புவதில்லை.

இரண்டாம் நாள்

அத்தைக்கு இன்று கூ டெக் புவாட் மருத்துவமனையில் மறுபரிசோதனையும் உடற்பயிற்சி சிகிச்சையும். துணைக்கு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

யீஷூன் எம்ஆர்டி (இங்கத்து மெட்ரோ ரயில்) நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். அத்தையின் முட்டியை உத்தேசித்து டாக்சி எடுத்தோம். இறங்கியதும் முதலில் நான் செய்தது மூக்கை உறிஞ்சிப் பார்த்தது. நம்மூரில் ஆஸ்பத்திரி வாசம் என்று ஒன்று உண்டே, ஃபினாயிலும் டெட்டாலும் நேற்றைய சாப்பாடும் கலந்து? இங்கே வந்தது ஈர மண் வாசம்.

கட்டடத்தின் நடுவில் ஒரு பெரிய முற்றம். நான்கு பக்கமும் மூடிய முற்றம் இல்லை. ஒரு பக்கம் யீஷூன் குளத்தைப் பார்த்துத் திறந்திருக்கிறது. தோட்டம் தரைத்தளத்தோடு நிற்காமல் அடித்தளம் வரை இறங்குகிறது. தண்ணீர் விழுகிறது, ஓடுகிறது, அதில் மீன். மாடிகளின் ஓரமெங்கும் தொட்டிகள், தொட்டிகளிலிருந்து கொடிகள். காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்தால் திரையில் டோக்கன் எண் ஓடும், திரைக்குப் பக்கத்தில் மரம் அசையும். அத்தையை உள்ளே அழைத்துப் போனார்கள். தாதி ஒருவர் எனக்கு ஒரு மணி நேரம் விடுமுறை கொடுத்தார். (நர்ஸ் என்ற சொல்லைவிட இங்கே தமிழில் தாதி என்ற சொல்தான் அதிகம் புழங்குகிறது. லிஃப்டுக்கு மின்தூக்கி. இரண்டு நாளில் எனக்கும் நாக்கில் ஒட்டிக்கொண்டது.)

இந்த மருத்துவமனை 2010இல் திறந்தது. வங்கி, ஓட்டல் தொழில் செய்த கூ டெக் புவாட்டின் பெயர். அவர் குடும்பம் 12.5 கோடி சிங்கப்பூர் வெள்ளி நன்கொடை கொடுத்தது. பணத்தைவிட எனக்குச் சுவாரசியம், கட்டியபோது தலைமை நிர்வாகியாக இருந்த லியாக் டெங் லிட் வடிவமைப்பாளர்களிடம் வைத்த கோரிக்கை. உள்ளே வருகிறவரின் ரத்த அழுத்தம் இறங்கவேண்டும், அப்படி ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்றாராம். என்னிடம் வரும் டாக்டர்கள் முதலில் கேட்பது, "சதுர அடிக்கு எவ்வளவு சார் ஆகும்?" நானும் அதற்குத்தான் முதலில் பதில் சொல்லிப் பழகியிருக்கிறேன்.

தோட்டம் அழகுக்கு என்று நினைத்துக் கடந்துபோகலாம். வார்டு கோபுரத்தை வெளியே குளக்கரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தபோதுதான் கால் நின்றது. சுவரில் செங்குத்தாகப் பலகை பலகையாக உலோகச் சிறகுகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. வெயில் மறைப்பு என்று யாரும் சொல்லிவிடுவார்கள். வேலை வேறு. இந்தத் தீவில் வருஷத்தில் ஒரு பாதி வடகிழக்கிலிருந்தும் மறுபாதி தென்கிழக்கிலிருந்தும் காற்று வரும். சுவரை ஒட்டி வழுக்கிக்கொண்டு போகிற காற்றை இந்தச் சிறகுகள் வழிமறித்து ஜன்னலுக்குள் திருப்புகின்றன. கண்ணால் பார்த்து, இப்படி இருந்தால் நன்றாயிருக்கும் என்று வைத்ததல்ல. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மாதிரி செய்து, காற்றுச் சுரங்கத்தில் ஊதிப் பார்த்துத் தீர்மானித்தது. வீசும் காற்று உடம்பில் பட்டால் இரண்டு மூன்று டிகிரி குறைந்ததுபோல் இருக்கும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் மின்விசிறியோடு ஒரு வார்டை நடத்த அந்த இரண்டு மூன்று டிகிரி போதும்.

குளமும் தானாக வந்த அழகு இல்லை. மழைநீர் தேங்குவதற்கு வெட்டிய குளம். மருத்துவமனை கட்டும் முன்பே அதைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். செடிகளுக்குத் தண்ணீர் இந்தக் குளத்திலிருந்துதான் போகிறது. மொட்டைமாடியில் தன்னார்வலர்கள் காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறார்கள்.

இட்லிப்பூச் செடியருகே ஆஸ்பத்திரி உடுப்பில் ஒரு சீனப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். புறங்கையில் ஊசி, பிளாஸ்திரி. குளத்தின் மேல் மீன்கொத்தி ஒன்று குத்திட்டு விழுந்து வெறும் வாயோடு திரும்பியது. பெரியவர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நானும் பிதுக்கினேன். பாஷை தேவைப்படவில்லை.

தண்ணீர் விழும் சத்தம் பற்றி ஒன்று. உலகெங்கும் ஆஸ்பத்திரிகளில் அளந்த இரைச்சலை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2005இல் தொகுத்துப் பார்த்தார்கள். 1960இல் பகல் நேரத்தில் சராசரி 57 டெசிபல், 2005 வாக்கில் 72. இரவில் வார்டுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 30. தள்ளுவண்டி, அலாரம், செருப்பு, செல்போன் எல்லாம் சேர்ந்ததுதான் இது. ஒலி உறிஞ்சும் கூரை ஓடு போட்டால் குறையும். அப்பா எண்ணினாரே, அந்த ஓட்டைகள் உண்மையில் அதற்குத்தான். ஓட்டையின் பின்னால் கம்பளி வைக்கவேண்டும். செலவு என்று அதை விட்டுவிட்டோம். ஓட்டை மட்டும் இருந்தது.

திரும்பும் வழியில் அத்தையிடம் கேட்டேன், எந்த வார்டில் இருந்தீர்கள் என்று.

"சி கிளாஸ்தான். எனக்கு எதுக்கு ஏசி ரூம்? கூடப் பேச ஆள் இருந்திச்சு, ஜன்னல் பக்கம் மரம் இருந்திச்சு. ராத்திரி காத்து வீசி நான் போர்வை கேட்டேன்னா பாத்துக்க."

மூன்றாம் நாள்

மழை. ஜனவரியில் இங்கே மழை பெய்தால் சொல்லிக்கொண்டு நிற்பதில்லை. வீட்டிலேயே அடைந்து கிடந்தோம்.

என்னிடம் ஒரு சின்னக் கருவி உண்டு, அறையில் கரியமில வாயு எவ்வளவு என்று காட்டும். தீப்பெட்டி நாலைந்து சேர்த்து வைத்த அளவுதான். வெளிக்காற்றில், பத்து லட்சம் பங்குக்கு 420க்குப் பக்கம் காட்டும். ராத்திரி கதவு ஜன்னல் சாத்தி ஏசி போட்டுத் தூங்கினேன். காலையில் பார்த்தால் 1,800. வீட்டு ஏசி உள்ளே இருக்கிற காற்றையே குளிரவைத்துத் திரும்பத் தருகிறதே தவிர வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. நான் விட்ட மூச்சையே நான் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அத்தையிடம் காட்டினேன். "அதான் நான் ஜன்னலைச் சாத்துறதே இல்லை" என்று காபி கலக்கப் போய்விட்டார்.

சும்மா இருந்த நேரத்தில் அவருக்கு ரோஜர் உல்ரிச் கதையைச் சொன்னேன். எங்கள் தொழிலில் எவிடென்ஸ் பேஸ்டு டிசைன் (ஆய்வுச் சான்றை வைத்து வடிவமைப்பது) என்று யாராவது வாயைத் திறந்தால் ஐந்தாவது நிமிஷம் இந்தக் கதை வரும். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஒரு புறநகர் ஆஸ்பத்திரி. ஒரே மாதிரி அறைகள், ஒரே பக்கம். சில அறை ஜன்னலில் மரங்கள் தெரியும், சிலவற்றில் பழுப்பு நிறச் செங்கல் சுவர். 1972 முதல் 1981 வரை அங்கே பித்தப்பை ஆப்பரேஷன் செய்துகொண்டவர்களின் கோப்புகளை உல்ரிச் எடுத்தார். மரம் இலையோடு இருக்கும் மே முதல் அக்டோபர் வரையிலான கோப்புகள் மட்டும். வயது, ஆணா பெண்ணா, புகைப் பழக்கம், எடை எல்லாம் ஒத்துப்போகிறவர்களாக, மரத்துக்கு ஒருவர் சுவருக்கு ஒருவர் என்று 23 ஜோடி சேர்த்தார். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீட்டுக்குப் போனார்கள். சுவர் பார்த்தவர்கள் 8.70. நர்ஸ்கள் குறிப்பில் "அழுகிறார்", "தைரியம் சொல்லவேண்டியிருக்கிறது" என்ற மாதிரிக் குறிப்புகள் சுவர் பக்கம் ஆளுக்குக் கிட்டத்தட்ட நாலு, மரம் பக்கம் ஒன்று சொச்சம். வீரியமான வலி மருந்தும் சுவர் பக்கம்தான் அதிகம் போயிருந்தது. 1984இல் சயன்ஸ் இதழில் வந்தது, மொத்தம் இரண்டு பக்கம்.

"மரத்தைப் பாத்தா பித்தப்பை சரியாயிடுமா?" என்றார் அத்தை.

"பித்தப்பையை எடுத்துட்டாங்க அத்தை. வலி தாங்கறதைப் பத்தித்தான் பேச்சு."

"முக்கால் நாள் முன்னாடி வீட்டுக்குப் போனாங்க. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். அத்தையின் கேள்வி நியாயமானதும்கூட. 46 பேர், ஒரே ஆஸ்பத்திரி, ஒரே ஆப்பரேஷன். பேசத் தெரிந்த ஆர்க்கிடெக்டுகள் இந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு செயற்கைப் புல் தரைக்குக்கூடப் பில் போட்டுவிடுவார்கள். ஆனால் பின்னால் வேறு இடங்களிலிருந்தும் சேர்ந்தது. கனடாவில் எட்மண்டனில் மனச்சோர்வுக்குச் சேர்ந்தவர்களில் வெயில் விழும் அறையில் இருந்தவர்கள் சராசரியாக 16.9 நாளும், மங்கலான அறைக்காரர்கள் 19.5 நாளும் இருந்ததாக 1996இல் வந்தது. பிட்ஸ்பர்கில் முதுகெலும்பு ஆப்பரேஷன் ஆனவர்களில் வெளிச்சமான பக்கத்தில் இருந்தவர்கள் மணிக்கு இவ்வளவு என்ற கணக்கில் 22 சதவீதம் குறைவாக வலி மருந்து வாங்கிக்கொண்டதாக 2005இல். யாரும் எதையும் கட்டவில்லை. ஏற்கெனவே இருந்த அறைகளில் யார் எந்தப் பக்கம் போய் விழுந்தார்கள் என்று பார்த்தார்கள்.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. உல்ரிச் தாளைக் கல்லூரி மூன்றாம் வருஷத்திலேயே படித்தவன் நான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

நான்காம் நாள்

குவீன்ஸ்டவுன் எம்ஆர்டியில் இறங்கி அலெக்ஸாண்ட்ரா மருத்துவமனை. நோயாளி யாரும் தெரியாது, அதனால் தோட்டத்தோடும் பொது இடங்களோடும் நிறுத்திக்கொண்டேன்.

1940இல் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனையாகத் திறந்தது. இரண்டே வருஷத்தில், 1942 பிப்ரவரி 14இல், ஜப்பானிய வீரர்கள் உள்ளே புகுந்து நோயாளிகளையும் ஊழியர்களையும் கொன்ற இடம். 1971இல் சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்தது. கூ டெக் புவாட்டைக் கட்டிய குழு அதற்கு முன்பு நடத்திக்கொண்டிருந்தது இந்த ஆஸ்பத்திரியைத்தான். பட்டாம்பூச்சி வரவேண்டும் என்று செடி தேர்ந்தெடுத்து நடும் பழக்கம் இங்கேயே தொடங்கிவிட்டது. அவர்கள் யீஷூனுக்குப் புதிதாக எடுத்துப்போனது என்ன, இங்கிருந்து கொண்டுபோனது என்ன என்று பார்ப்பதுதான் எனக்கு வேலை.

பழைய கட்டடத்தின் தாழ்வாரத்தில் நின்றால் புரிகிறது. நீளமான, ஒடுக்கமான கட்டடங்கள், இரண்டு பக்கமும் திறப்பு, உயரமான கூரை, வெயிலும் மழையும் உள்ளே அடிக்காத அகலத் தாழ்வாரம். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வற்புறுத்திய வார்டு வடிவத்தின் வெப்பமண்டலத் தங்கை. நைட்டிங்கேல் என்றால் நமக்கு விளக்கு ஏந்திய அம்மையார்தான் ஞாபகத்துக்கு வருவார். எனக்கு அவர் கணக்குப் பிள்ளை. கிரிமியப் போரில் ஸ்கூட்டாரி ஆஸ்பத்திரியில் 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் சாவு. மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு சாக்கடையைக் கழுவிவிட்டு, காற்றோட்டத்துக்கு வழி செய்தபின் சரசரவென்று இறங்கியது. அந்த எண்களைப் படமாக வரைந்து அரசாங்கத்தின் முன்னால் வைத்தவர் அவர். கிருமி பற்றி அவருக்குச் சரியாகத் தெரியாது. கெட்ட காற்றுதான் நோய் என்று நம்பினார். காரணம் தப்பு, ஜன்னல் சரி.

எவ்வளவு சரி என்று பெரு நாட்டில் அளந்தார்கள். எஸ்கோம்ப் என்பவரும் குழுவினரும் லிமா நகரின் எட்டு ஆஸ்பத்திரிகளில் 70 அறைகளுக்குள் கரியமில வாயுவைத் திறந்துவிட்டு, அது எத்தனை சீக்கிரம் காணாமல் போகிறது என்று பார்த்தார்கள். என் தீப்பெட்டிக் கருவியின் பெரியண்ணன் வேலை. 2007இல் வெளியானது. ஜன்னல் கதவு எல்லாம் சாத்தினால் மணிக்கு ஒன்றரைத் தடவைதான் அறைக்காற்று மாறுகிறது. திறந்தால் 28 தடவை. காசநோய்த் தனியறைகளுக்கு இயந்திரக் காற்றோட்டத்தில் பரிந்துரைப்பதே 12 தடவைதான். சுவாரசியம் இதற்கு மேல்தான். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய, உயரக் கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட பழைய கட்டடங்களில் 40 தடவை. புதிய கட்டடங்களில் 17. சிகிச்சை தொடங்காத காசநோயாளிகளோடு 24 மணி நேரம் ஒரே காற்றில் இருந்தால் எத்தனை பேருக்குத் தொற்றும் என்று அதிலிருந்து கணக்குப் போட்டார்கள். இயந்திரக் காற்றோட்ட அறையில் நூற்றுக்கு 39, புதிய கட்டடத்து ஜன்னல் அறையில் 33, பழைய கட்டடத்தில் 11.

தாழ்வாரப் படியில் உட்கார்ந்து இதை யோசித்தபோது அத்தை சொன்ன சி கிளாஸ் ஞாபகம் வந்தது. சிங்கப்பூர் பொது மருத்துவமனைகளில் வார்டுகள் ஏ, பி1, பி2, சி என்று நாலு வகுப்பு. ஏ தனியறை, ஏசி. பி1 நாலு பேர், அதற்கும் ஏசி. பி2, சி இரண்டும் மின்விசிறியும் ஜன்னலும். அரசு மானியம் அதிகம் கிடைப்பது இவற்றுக்குத்தான். அப்படியென்றால் கூ டெக் புவாட்டில் அந்த உலோகச் சிறகுகள், காற்றுச் சுரங்கப் பரிசோதனை, பல்கலைக்கழக உழைப்பு எல்லாம் போய்ச் சேர்ந்தது குறைந்த காசு கொடுப்பவரின் படுக்கைக்கு! காசு கூடக் கொடுத்தவருக்குக் கண்ணாடி சாத்திய ஏசி. நம்மூரில் நான் செய்துகொண்டிருப்பது என்ன? ஜெனரல் வார்டுக்கு ஜன்னல் இருக்கும், வேறு வழியில்லை. டீலக்ஸ் அறை என்று போர்டு மாட்டி நாலு மடங்கு வாடகை வாங்கும் அறைக்கு ஜன்னலை அடைத்துத் தருகிறேன்.

பக்கத்தில் யாரும் இல்லை. கொஞ்சம் சத்தமாகவே சிரித்துவிட்டேன்.

ஐந்தாம் நாள்

இன்று இரண்டு இடம், இரண்டும் வெளியிலிருந்துதான்.

ஜூரோங் ஈஸ்டில் இங் டெங் ஃபோங் பொது மருத்துவமனை. 2015இல் திறந்தது, 700 படுக்கை. எம்ஆர்டியிலிருந்து மேம்பாலப் பாதையிலேயே நடந்து போய்விடலாம். இங்கே சாதனை ஒன்றே ஒன்று: ஒவ்வொரு நோயாளிக்கும் சொந்த ஜன்னல். பல பேர் படுக்கும் வார்டிலும். எங்கள் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஆறு படுக்கையைச் சதுர அறையில் போட்டால் இரண்டு பேருக்கு ஜன்னல், நாலு பேருக்கு அடுத்தவர் முதுகு. எல்லாருக்கும் ஜன்னல் வேண்டுமென்றால் வெளிச்சுவரை விசிறி மாதிரி விரிக்கவேண்டும், மடிக்கவேண்டும். வெளிச்சுவர்தான் கட்டடத்திலேயே விலை கூடிய சமாசாரம். ஒவ்வொரு மூலைக்கும் கொத்தனார் தனியாகக் கணக்குச் சொல்வார். என் வரைபடத்தில் ஒரு மூலை கூடினாலே மேஸ்திரி என்னைப் பார்க்கும் பார்வை எனக்குத் தெரியும். இங்கே எத்தனை மூலை என்று எண்ண ஆரம்பித்து, அப்பா ஞாபகம் வந்து நிறுத்தினேன்.

எல்லாருக்கும் தனியறையே கொடுத்துவிட்டால் என்ன என்று ஒரு கட்சி உண்டு. இங்கிலாந்தில் பெம்பரியில் 2011இல் அப்படித்தான் கட்டினார்கள், படுக்கை வார்டு முழுக்கத் தனியறை. பின்தொடர்ந்து ஆராய்ந்தபோது நோயாளிகளில் பெரும்பாலோர் தனியறையே பிடிக்கிறது என்றார்கள். நர்ஸ்கள் நடக்கும் தூரம் கூடியது. ஒரே பார்வையில் எல்லாரையும் கவனிக்க முடியவில்லை என்றார்கள். தொற்று குறைந்தது என்று அறுதியிட்டுச் சொல்லக் கூடியதாக ஒன்றும் அந்த ஆய்வில் அகப்படவில்லை. அத்தையிடம் கேட்டால் பக்கத்துப் படுக்கைப் பாட்டியின் பேரன் கல்யாணம் வரை சொல்வார். எனக்கு இதில் தீர்மானமான கருத்து கிடையாது. ஆளைப் பொறுத்தது, ஊரைப் பொறுத்தது.

மாலை நொவினாவில் இறங்கி டான் டோக் செங் மருத்துவமனையைச் சுற்றி ஒரு நடை. 2003இல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோய் வந்தபோது நோயாளிகளைக் கொண்டுவந்து சேர்த்தது இங்கேதான். நாடு முழுக்க 238 பேருக்குத் தொற்று, 33 பேர் இறந்தார்கள். எதிரே இருக்கும் தேசியத் தொற்றுநோய் மையம் 2019இல் திறந்தது, 330 படுக்கை. நாலு நாளாக ஜன்னல் ஜன்னல் என்று பஜனை பாடிக்கொண்டிருப்பவன் இங்கே கொஞ்சம் வாயை மூடவேண்டும். இத்தகைய நோய்க்கு அறைக்காற்று எந்தத் திசையில் போகிறது என்பது நம் கையில் இருக்கவேண்டும். நடைபாதையிலிருந்து அறைக்குள் போகலாம், அறையிலிருந்து நடைபாதைக்கு வரக்கூடாது. ஜன்னல் காற்று அன்றைய வானிலையைக் கேட்டுத்தான் நடக்கும். லிமா ஆய்வாளர்களே இந்த எச்சரிக்கையையும் சேர்த்துத்தான் எழுதினார்கள்.

அங்கிருந்து சிராங்கூன் சாலை. பொங்கலுக்கு விளக்குத் தோரணம் கட்டி, கரும்பும் மஞ்சள் கொத்தும் பானையும் குவித்து வைத்திருக்கிறார்கள். அத்தைக்கு ஒரு கட்டு மஞ்சள் வாங்கினேன். விலையைத் திருச்சி ரூபாய்க்கு மாற்றிப் பார்த்தது என் தப்பு.

ஆறாம் நாள்

ராத்திரி விமானம். பகல் முழுக்க வீட்டில். மடிக்கணினியில் புதுக்கோட்டைப் பக்கம் கட்டப்போகும் முப்பது படுக்கை ஆஸ்பத்திரியின் வரைபடம் திறந்திருந்தது. அத்தை எட்டிப் பார்த்தார்.

"இதுல நான் எங்க படுப்பேன்?"

காட்டினேன். ஜன்னல் எவ்வளவு உயரத்தில் என்று கேட்டார். நாலடி என்றேன். கீழே சாமான் வைக்கலாம், ஆக்சிஜன் பாயின்ட் போகும், எல்லாரும் அப்படித்தான் வைப்பார்கள்.

அத்தை நடைச்சட்டத்தை ஓரம் தள்ளி, ஹாலில் சோபாவில் மெதுவாகப் படுத்து, இரண்டு தலையணை வைத்துக்கொண்டார். "டேப்பு வச்சிருக்கியா? என் கண்ணு எங்க இருக்குன்னு அளந்து பாரு." சோபா தாழ்வு. ஆஸ்பத்திரிக் கட்டில் உயரத்துக்குக் கூட்டிக் கணக்குப் போட்டால் தரையிலிருந்து இரண்டரை அடி. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் ஐந்தடி. கண்ணிலிருந்து நாலடி விளிம்பைத் தொட்டு ஒரு கோடு இழுத்தேன். கோடு மேல்நோக்கிப் போய், பத்தடி தள்ளியிருக்கும் பக்கத்து மனையில் ஏழடி உயரத்தில் முட்டியது. மனைக்காரர் வீடு கட்டினால் இரண்டாவது வரிசைச் செங்கலிலிருந்தே அல்ல, லின்டல் (கதவு, ஜன்னலின் மேல் விளிம்பு) மட்டத்திலிருந்துதான் தெரியும். இடையில் நான் நடப் போவதாக எழுதியிருக்கும் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் ஐந்தடி வளரும். நிற்கிறவருக்குத் தெரியும். நர்ஸுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், என் திறப்பு விழாப் புகைப்படத்தில் தெரியும். படுத்திருக்கிறவருக்கு ஒரு இலைகூடத் தெரியாது.

இருபது வருஷமாக வரைகிறேன். கட்டில் மட்டத்திலிருந்து கோடு இழுத்துப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"இறக்குப்பா ஜன்னலை" என்றார் அத்தை, படுத்தபடியே.

விளிம்பை இரண்டடிக்கு இறக்கினேன். விழுந்துவிடாமல் கம்பி. ஆக்சிஜன் பாயின்டைத் தலைமாட்டுச் சுவருக்கு நகர்த்தினேன். தனியறைகள் நாலிலும் ஜன்னலுக்கு எதிரே கதவுக்கு மேல் ஒரு திறப்பு, காற்று புகுந்து வெளியேற. ஒரு அறை குறைந்துபோனது. நம்மூர் டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அத்தை கட்டிக்கொடுத்த மைலோ டப்பாக்களைப் பெட்டியில் அடைத்தேன்.

சாங்கியில் வரிசையில் நிற்கும்போது பதில் வந்தது. "பார்த்தேன் சார். நல்லாருக்கு. ஒரு ரூம் கம்மியா தெரியுதே? ஏசி அவுட்டோர் யூனிட் எங்கே வரும்?"

"மொட்டைமாடியில் சார். பைப் நீளம் கூடும், கணக்குப் போட்டுத் தருகிறேன். ரூம் விஷயம் நேரில் பேசலாம். ஒரு கட்டிலும் டேப்பும் மட்டும் எடுத்து வைக்கச் சொல்லுங்க" என்று அனுப்பினேன்.

இரண்டு நீல டிக் விழுந்தது. செல்போனை அணைக்கச் சொல்லிவிட்டார்கள்.